அப்பா மிதித்த க்ளச்

என் அக்காவைப் போலப் பொய் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. அவள் சொன்னதிலேயே உருப்படியான பொய், ஒரு பியானோவைப் பற்றியது.

அப்போது நாங்கள் வடசென்னையில், விம்கோ நகரில் இருந்தோம். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டினார். இசைக் கல்லூரியில் சேர, அக்கா ஒரு பாட்டை வாசித்துப் பதிவு செய்து அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அதற்கென்றே அப்பா லீவு போட்டிருந்தார். குளித்து, விபூதி பூசி, கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த டிஜிட்டல் பியானோவுக்கு அன்று அவரே ஸ்விட்ச் போட்டுக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்தவர், அதுவரை அதைத் தொட்டதுகூட இல்லை.

அக்கா வாசித்தாள். ஒரு ஸ்வரமும் அடங்கவில்லை. பியானோவின் காலடியில் ஒரு மிதி உண்டு. மிதித்தால் ஒலி நீளும், காலை எடுத்தால் நிற்கும். அன்று மிதித்தால் நின்றது, காலை எடுத்தால் நீண்டது. பதிவைப் போட்டுக் கேட்டால், டோல்கேட்டில் மாட்டிக்கொண்ட வண்டிகளெல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்ததுபோல் இருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஒயரை மாற்றினாள். கம்ப்யூட்டரையே கழற்றிவிட்டு வாசித்தாள், அதே கதை. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். என் பங்குக்கு நான் மிதியின் இடுக்கில் ஊதினேன். மணி நாலைத் தாண்டிவிட்டது.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "நான் வூட்ல கீறதாலதான் இப்டி ஆவுதா?" என்று கேட்டுவிட்டு, புது மிதி வாங்கிவரச் சட்டையை மாட்டினார்.

"இரு நைனா. காலைல இத எப்டி ஸ்டார்ட் பண்ண?" என்றாள் அக்கா.

"இன்னாம்மா கேள்வி இது? க்ளச்ச மிதிச்சிகினுதான்! அதுகூடத் தெரியாமயா இத்தினி வருசமா லாரி ஓட்டிகினு கீறேன்?"

அக்கா அவரையே பார்த்தாள். ஸ்விட்ச் போடும்போது மிதி எப்படி இருக்கிறதோ, அதையே கால் வைக்காத நிலை என்று அந்தக் கருவி எடுத்துக்கொள்ளும்; பிறகு எல்லாமே தலைகீழ்தான். அந்த நொடியில் அவளுக்கு அது விளங்கிவிட்டது. எனக்குப் பல வருடம் பிடித்தது. பியானோவை அணைத்தாள். காலைத் தூக்கி ஸ்டூலில் மடித்து வைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். மிதி சொன்னபடி கேட்டது.

"ஒயரு லூசு நைனா. நீ கூட இருந்ததாலதான் சரியாச்சு," என்றாள். இந்தத் தடவை அவள் ஒயரைத் தொடவே இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு இடமும் கிடைத்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு, வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அவர்தான் பியானோவை ஸ்டார்ட் பண்ணுவார், க்ளச்சை அழுத்தி மிதித்துக்கொண்டு. அவர் டீ குடிக்கப் போனதும் அக்கா சத்தமில்லாமல் அணைத்து, மறுபடி போடுவாள்.

எங்கள் வீட்டுப் பியானோ ரெண்டு தடவை ஸ்விட்ச் போட்டால்தான் பாடும் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். முதல் தடவை அப்பாவுக்காக என்பது அப்போது எனக்குத் தெரியாது.