அன்னாளின் காதும் ஏழாம் நம்பர் கிரேனும்

ஸ்தனிஸ்லாஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஒரு விருத்தாசலத்துக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீங்கானைப் பற்றிப் பேசிவிட்டு, அவன் சும்மா இருப்பான் என்று நினைத்தால் அது நினைத்தவர் தப்பு.

அவன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். ஊரில் செராமிக் தொழிற்பேட்டையில் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு கம்பெனியில் பீங்கான் இன்சுலேட்டர் செக்கிங் வேலையில் இருந்த அன்னாளையும் பார்த்தான். மோட்டார் எதுவும் கெட்டுப்போகாத நாளிலும் செக்கிங் பக்கம் அவனுக்கு ஏதாவது வேலை இருந்தது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

2001-இல் சென்னைப் பக்கம் ஒரு துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தான். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கிக் கரையில் வைக்கும் கிரேன், பதினைந்து மாடி உயரம். முதல் நாள் பாதி ஏணியில் நின்று, கண்ணை மூடி மாதாவிடம் பாரத்தைப் போட்டுவிட்டு மீதியை ஏறினான். போகப் போகப் பயம் விட்டுப்போனது. இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் போடுவது, பிரேக் கட்டை மாற்றுவது, கேபிள் பார்ப்பது எல்லாம் கைவந்த வேலையாகிவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வேப்பூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பிடித்து வீட்டுக்கு வருவான்.

2007 கடைசியில் ஏழாம் நம்பர் கிரேனைப் புதுப்பித்தார்கள். பழைய மோட்டார்கள் போய்ப் புது மோட்டார்கள் வந்தன. கன்டெய்னரை இறக்கும்போது மோட்டாரிலிருந்து திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக மாற்றித் தீர்க்க, கிரேன் உச்சியில் ஒரு பெரிய கம்பிப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டி இரும்பைத் தொடாமல் பன்னிரண்டு பீங்கான் கால்கள்மேல் நிற்க வேண்டும். பழைய கால்கள் சில்லுசில்லாகப் பெயர்ந்திருந்தன. புதிது வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்று இன்ஜினியர் ராஜ்மோகன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ரெண்டு மாசமா? எங்க ஊர்ல அடுப்பங்கரையில கூட பீங்கான் கெடக்கும் சார். ஒரு வாரம் டைம் குடுங்க, அச்சு அசலா அதே மாதிரி கொண்டாந்து நிறுத்துறேன்” என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவனும் கெட்டான். ஆனால் உடனே இல்லை.

சரக்கு சொன்னபடி வந்தது, அதுவும் அன்னாள் வேலை செய்யும் கம்பெனியிலிருந்தே. ஒவ்வொரு காலின் அடியிலும் அவள் பார்த்துத் தேறியதற்கு அடையாளமாகப் பச்சைப் பொட்டு இருந்தது. ஊர் மானம் கடற்காற்றில் ஆடக் கூடாது என்று அவனே மேலே ஏறி அவற்றைப் பூட்டினான். பழைய கால்களுக்கு அடியில் நைந்துபோன கார்க் வாஷர்கள் கிடந்தன. குப்பை என்று வழித்துப் போட்டான். நீள ஸ்பானர் மாட்டி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினான். அவ்வளவு பாசம்.

மூன்று வாரம் கழித்து, மார்கழிப் பனியில், காலைக் கப்பலுக்கு வேலை செய்துகொண்டிருந்த கிரேன் கன்டெய்னரை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு நின்றது. மறுநாளும் நின்றது. மேலே போய்ப் பார்த்தால் மூன்று கால்களில் விரிசல். ஈரமும் உப்பும் அதற்குள் இறங்க, மின்சாரம் இரும்புக்குக் கசிந்திருக்கிறது.

“உங்க ஊர் சரக்கு பல்லைக் காட்டிடுச்சே ஸ்தனிஸ். வேகறப்பவே விரிஞ்சிருக்கும், எவனோ பாக்காம அனுப்பிட்டான். திங்கக்கிழமை அந்தக் கம்பெனிக்கு லெட்டர் போடறேன்” என்றார் ராஜ்மோகன்.

அந்த ‘எவனோ’ யார் என்று ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியும். அன்னாளின் வேலையே காதில்தான் இருந்தது. ஒரு இரும்புக் கம்பியால் தட்டுவாள். நல்ல பீங்கான் மணி மாதிரி நின்று ஒலிக்கும், விரிந்தது சொத்தென்று அடங்கிவிடும். ஐப்பசி மழையில் அவளுக்கு வலது காதில் சீழ் பிடித்தது. சொட்டு மருந்து போட்டு ஆறியது என்றாள். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் போனை இடது காதிலேயே வைத்துப் பேசுவதை அவன் கவனித்திருந்தான், கேட்கத் துணிவில்லை. அந்தச் சரக்கு ஐப்பசிக்குப் பிறகு அவள் பார்த்தது. லெட்டர் போனால், பொட்டைப் பார்ப்பார்கள், காதைக் கேட்பார்கள், பன்னிரண்டு வருஷ வேலை போய்விடும். வேலை போவதைவிட, தன் காது போய்விட்டது என்று அவளுக்குத் தெரியவருவதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை அந்த மூன்று கால்களையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். வேப்பூரில் வாங்கிய டீயை ஆறவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் துண்டை அன்னாள் முன்னால் பிரித்து வைத்தான். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? அவள் முதலில் பச்சைப் பொட்டைத்தான் பார்த்தாள்.

“ஏசுவே, இது நான் பாஸ் பண்ணதுங்க” என்றாள். கை தானாக வலது காதுக்குப் போனது. “எனக்கு ஒரு மாசமாவே சந்தேகம். உங்ககிட்ட சொல்லல. ஓனர்கிட்டயும் சொல்லல. வேணும்னு பண்ணலைங்க.”

“யாரு உன்ன குத்தம் சொன்னா? பாரு மொதல்ல” என்றான். அவன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். விரிசலில் விரலைக் கொடுத்து அழுத்த, அது இரண்டாகப் பிரிந்தது. உடைந்த இடத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சரியாக வேகாத பீங்கான் நாக்கில் ஒட்டும் என்பது தொழிற்பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்த பரீட்சை. ஒட்டவில்லை. வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மற்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“ஏங்க, இங்க வாங்க. சூளையில விரிஞ்சிருந்தா விளிம்பு மழுங்கியிருக்கும், மேல்பூச்சு உருகி உள்ள எறங்கியிருக்கும். இது வெள்ளவெளேர்னு கத்தி மாதிரி இருக்குது. இது இங்கேர்ந்து போனப்புறம் ஒடஞ்சது. மூணும் போல்ட்டு ஓட்டையிலேர்ந்துதான் கெளம்பியிருக்குது.” நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “அடியில மெத்துன்னு ஏதாச்சும் வெச்சீங்களா? யாரு முடுக்குனது?”

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து போல்ட்டு ஓட்டையைப் பார்த்தான். குப்பை என்று வழித்துப் போட்ட கார்க் வாஷர்கள் ஞாபகத்துக்கு வந்தன. நீள ஸ்பானர் ஞாபகத்துக்கு வந்தது. சூளைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன், பீங்கானை இரும்பென்று நினைத்து முடுக்கியிருக்கிறான்.

“நாந்தான்” என்றான். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. தப்பு செய்து மாட்டிக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை அன்னாள் அதுவரை பார்த்ததில்லை.

“சிரிக்காதீங்க. இது உங்க தப்பு, சரி. ஆனா என் காது?” என்றாள்.

அவன் உடைந்த கால்களை மறுபடி துண்டில் சுற்றினான்.

திங்கட்கிழமை காலை நேராக ராஜ்மோகன் மேஜைக்கு முன்னால் போய் நின்று, வாஷரிலிருந்து ஸ்பானர் வரை ஒப்பித்தான். அவர் எழுத எடுத்த காகிதத்தை ஓரமாக வைத்தார். நன்றாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, “சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?” என்று கேட்டார்.

“வூட்ல தெரிஞ்சுபோச்சே சார்” என்றான்.

அவர் சிரித்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் வேலை பாக்கி இருந்தது. உடையாமல் நின்ற ஒன்பது கால்களையும் அவன் அதே பாசத்தோடுதான் முடுக்கியிருந்தான். எதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதோ?

மறுநாள் விடியற்காலையில், கப்பல் இல்லாத நேரம் பார்த்து, கரண்ட்டை அணைத்துவிட்டு, ஒன்பதையும் கழற்றி மேலேயே இருந்த மெஷின் ரூமுக்குள் கொண்டுபோனான். கதவைச் சாத்தினால் காற்று கேட்காது. ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தான். அவன் காதுக்கு ஒன்பதும் ஒரே மணியாகத்தான் அடித்தது. செல்போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான்.

“அன்னா, நான் ஒவ்வொண்ணா தட்டுறேன். நீ கேட்டுச் சொல்லு.”

அந்தப் பக்கம் போன் கை மாறும் சரசரப்பு கேட்டது. பிறகு, “தட்டுங்க” என்றாள்.

கூடவே ஏறி வந்து பக்கத்தில் நின்ற ராஜ்மோகன், இவன் போனுக்கு மணியடித்துக் காட்டுவதை வேடிக்கை பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் “ம்” என்று வந்தது. ஐந்துக்கு வரவில்லை.

“இன்னொருக்கா தட்டுங்க… இது சரியில்லைங்க. தனியா எடுத்து வையுங்க.”

ஸ்தனிஸ்லாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு கீறலும் தெரியவில்லை. ராஜ்மோகன் ரெஜிஸ்டருக்கு வைத்திருந்த சிவப்பு மையை வாங்கித் தடவி, ஊறவிட்டு, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான். போல்ட்டு ஓட்டையின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மட்டும் போகாமல் நின்றது. ராஜ்மோகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தார்.

ஸ்தனிஸ்லாஸ் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். “அன்னா, அஞ்சுல கோடு இருக்குது. நீ சொன்னது சரி” என்றான். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டான். “எந்தக் காதுல வெச்சு கேட்ட?”

“வலதுலதாங்க. இடதுல வெச்சா என்ன நானே ஏமாத்திக்கிற மாதிரி ஆயிடும்னு வேணும்னே வலதுல வெச்சேன்.” அவள் மூக்கை உறிஞ்சுவது பதினைந்து மாடி உயரத்தில் தெளிவாகக் கேட்டது. “சரி, ஆறாவதத் தட்டுங்க. எனக்கு வேலைக்கு நேரமாவுது.”