அடுப்படியில் கேட்ட ஆண் குரல்

ஆண் குரல் கேட்டது உண்மைதான். அதை நான் எங்கே மறுத்தேன்? "மருமக வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அடுப்படியில எவனோ பேசுறான், இவளும் கூடக்கூடப் பேசுறா" என்று மாடி வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறாளே, அவளுக்குக் காதில் கோளாறு இல்லை, புத்தியில்தான். அந்த ஆள் இருந்தது சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனுக்குள். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஹங்கேரி மொழி சொல்லித்தருகிறவன். அவன் ஒன்று சொல்லி நிறுத்துவான், இவள் திருப்பிச் சொல்வாள். அவ்வளவுதான் சங்கதி.

என் மகன் செத்துப்போன பிறகும் என்னோடேயே இருந்துவிட்டவள் அவள். ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைக்கிற வேலை. காண்டிராக்டர் வா என்றால் போக வேண்டும், வேண்டாம் என்றால் வீட்டில் கிடக்க வேண்டும். ஹங்கேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை இருந்தது. அந்த ஊர்ப் பேச்சில் பேசிக் காட்டினால்தான் கிடைக்கும்.

"இங்கிலீஷ்ல 'வீட்டுல'ன்னா அந்த 'ல' முன்னாடி தனியா நிக்கும் அத்தை. இதுல நம்மள மாதிரி பின்னாடி ஒட்டிக்குது. 'எனக்கு வீடு இருக்கு'ன்னு சொல்றதுகூட நம்ம மாதிரியேதான்."

"அப்புறம் எதுக்கு முழிக்கிற?"

"ஏதோ ஒரு மாத்திரை கொடுக்குறேன்னா ஒரு மாதிரி. அந்த மாத்திரையைக் கொடுக்குறேன்னா 'கொடுக்குறேன்'ங்கிறதோட வாலே மாறிடுது. அங்கதான் வழுக்குறேன். ஆனா அவன், அவள் ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான்."

"மாடி வீட்டுக்காரி அங்க போனா வம்பு பேசிப் பொழைக்க மாட்டா."

சிரித்துவிட்டாள். எனக்குத் தோள்பட்டை வலி. தைலம் தேய்க்கும்போது அந்த மொழியிலேயே "எமெய்யே" என்று கையைத் தூக்கச் சொல்வாள். நான் தூக்க மாட்டேன். அதே மொழியில் கெஞ்சுவாள், மிரட்டுவாள். மனசு வந்தால் தூக்குவேன்.

வம்பு மருமகளின் அண்ணன் காதுக்கும் போனது. முதியோர் இல்லத்தின் தலைவி வேலைக்காக இவளோடு போனில் முகம் பார்த்துப் பேசவிருந்த அன்றைக்கென்று வந்து நின்றார்.

"துணியை எடுத்து வை. நம்ம வீட்டுக்குப் போலாம். தெருவே சிரிக்குது."

"உக்காருங்க தம்பி," என்றேன். "அந்த ஆளையும் பாத்துட்டுப் போங்க." போனை எடுத்துப் பாடத்தைப் போட்டுக் காட்ட இவளிடம் சொன்னேன். பார்த்தார். முகம் தொங்கிப்போனாலும் பிடிவாதம் போகவில்லை. "என்ன இருந்தாலும் அவ்வளவு தூரம் வேண்டாம்."

அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. தொடக்கத்திலேயே வால் மாறிப்போய்த் திக்கினாள். தலைவி ஏதோ கேட்டாள். குளிக்க மறுக்கிறவர்களை என்ன செய்வாய் என்று கேட்டாளாம், பிறகு மருமகள் சொன்னாள். இவள் போனை என் பக்கம் திருப்பிவிட்டு என் தோளைத் தொட்டாள். "எமெய்யே" என்று தொடங்கினாள். நான் வழக்கம்போல மாட்டேன் என்று தலையாட்டினேன். கெஞ்சினாள். மறுபடியும் ஆட்டினேன். குரலை இறக்கி நீளமாக என்னவோ பேசினாள், ஓரிடத்திலும் தடுக்கவில்லை. தூக்கினேன். போனுக்குள் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டு விடுறேன்," என்றார்.

கிளம்பிய அன்று விடிகாலையிலேயே மாடி வீட்டுக்காரி படிக்கட்டில் வந்து நின்றுகொண்டாள். என் மகள் என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். பெட்டி காரில் ஏறியது. வாசல் தாண்டப் போன மருமகள் திரும்பி, "எமெய்யே," என்றாள்.

அன்றைக்கு நான் வம்பு பண்ணவில்லை. கையைத் தூக்கினேன். அவள் போனாள்.