நாலரை மணித் தண்ணீர்

இரண்டு ஞாயிறுகளுக்கு முன், காலைக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். “எழுத்தாளர் சார் வீடு இதானே?” என்று கேட்டார்.

வாசகி! எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். இன்னொரு காபிக்கு மனைவியிடம் குரல் கொடுத்தேன். எந்தக் கட்டுரையைப் பாராட்டப் போகிறார் என்று மனதுக்குள் இரண்டு மூன்றைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவர் உட்காரவில்லை.

“தண்ணி நேரத்த மாத்துனது நீங்கதான்னு வால்வு தெறக்குற சின்னச்சாமியண்ணன் சொன்னாக” என்றார்.

ஆமாம், நான்தான். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்... ஐந்து வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் மார்தட்டியிருந்தேன். எங்கள் பேரூராட்சி – கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் பக்கம் என்பதோடு விடுகிறேன், பெயரைப் போட வேண்டாம் என்று செயல் அலுவலரான ஈ.ஓ. கேட்டுக்கொண்டார் – எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுகிறது. விடும் நேரம் அதிகாலை நாலரை. வாசலில் தோண்டி வைத்த குழிக்குள் இருக்கும் குழாயில் குடம் வைத்துப் பிடிக்க வேண்டும். கோழி கூடக் கண் விழிக்காத நேரத்தில் மனிதர்களுக்கு ஏன் இந்தத் தண்டனை?

மனு எழுதினேன். தெருவில் முப்பத்திநாலு வீடு, முப்பத்திநாலு கையெழுத்து. ஒரே மாலையில் வாங்கிவிட்டேன். ஈ.ஓ. மனுவைப் படித்துவிட்டு, “இதப் பத்தி எழுதுவீங்களா சார்?” என்று கேட்டார். நடந்தால் பாராட்டி எழுதுவேன், நடக்காவிட்டாலும் எழுதுவேன் என்றேன். அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர் ஆறரைக்கு வந்தது. பேனாவின் வலிமை என்றெல்லாம் இங்கே எழுதினேன். ஜெயமங்கலத்திலிருந்து ஒரு வாசகர், எங்கள் ஊருக்கும் வந்து ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று அழைத்திருந்தார்.

வந்தவர் பெயர் முருகாயி. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஓடைத் தெருவில் குடியிருக்கிறார். எங்கள் தெருவுக்கும் ஓடைத் தெருவுக்கும் ஒரே வால்வு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். திறந்தால் முதலில் எங்களுக்கு வரும், அப்புறம்தான் அவர்களுக்கு.

முருகாயி மலைக்கு மேலே, கேரளப் பக்கம், ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். ஜீப் ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடும். தண்ணீர் நாலரைக்கு விட்டால் ஐந்து மணிக்குள் பிடித்து வைத்துவிட்டு ஓடலாம். ஆறரைக்கு விட்டால்? கணவர் தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்கிறார். வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் தண்ணீர் வரும் நாளெல்லாம் முருகாயி வேலைக்குப் போகவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் லீவு போடுகிறவருக்கு எந்த ஜீப்பில் சீட் வைத்திருப்பார்கள்? இந்த மாதம் முடியட்டும், அப்புறம் வேறு ஆளை ஏற்றிக்கொள்கிறேன் என்று டிரைவர் சொல்லிவிட்டாராம். எங்கள் பக்கத்தில் ஜீப்பில் சீட் என்றால் வெறும் சீட் இல்லை. தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போவது ஜீப்காரர்தான். சீட் போனால் வேலையும் போனது.

“நாலு பேரு இப்பிடித்தான் கெடந்து அல்லாடுறோம் சார். மத்தவுக வீட்ல ஆளு இருக்கு. ஒங்க தெருவுக்கு நல்லது செஞ்சீக, தப்பு சொல்லல. எங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். முப்பது வருடமாக எழுதுகிறவனுக்குப் பதில் சொல்லத் தெரியாதா? ஆனால் அவர் சாதாரணமாகக் கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நேரத்தைப் பழையபடி மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாற்றியவனுக்குத் திருப்பி மாற்றத் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் ஈ.ஓ. முன்னால் போய் நின்றேன். மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். மனு மன்றத்தில் வைக்கப்பட்டு, கவுன்சிலர்கள் எல்லாரும் கைதூக்கி, தீர்மானமே ஆகிவிட்டது. இனி அதை நான் ஒருவன் வாபஸ் வாங்க முடியாது.

“அதே முப்பத்திநாலு பேரும் பழைய நேரமே வேணும்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு, வச்சிடுறேன்.”

வெளியே சின்னச்சாமி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் அவர்தான். இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“ஜீப்புக்குப் போறவுகளுக்காகத்தான் நாலரைன்னு வச்சிருந்தாக, எனக்கு முந்தி இருந்தவுக. நீங்க ஆபீஸ்ல கேட்டீக. எங்கிட்ட கேக்கலையே சார்.”

உண்மைதான். ஆபீஸ் ஃபைலில் நேரம் இருக்கிறது, காரணம் இல்லை. காரணம் சின்னச்சாமியிடம் இருக்கிறது. ஊர் நிர்வாகத்தில் பாதி இப்படித்தான் நடக்கிறது. குப்பை வண்டி ஒரு தெருவுக்குள் பின்பக்கமாகவே நுழையும். சந்தைக் கேட் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். நமக்குக் கோணலாகத் தெரியும். நிமிர்த்தக் கை பரபரக்கும். யாருக்காக அது கோணியது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

சரி, தத்துவம் போதும். கையெழுத்துக்கு வருகிறேன்.

முதல் தடவை பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள், இந்தத் தடவை கதவைப் பாதிதான் திறந்தார்கள். ஒருவர் தனக்குச் சர்க்கரை என்றார், தூக்கம் முக்கியமாம். இன்னொருவர் நான் எதிர்க்கட்சிக்கு விலைபோய்விட்டேனா என்று விசாரித்தார். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார், தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் மாற்றக் கூடாது என்று ஒரு விதியைச் சொன்னார். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் விடவில்லை. வால்வு எப்படி வேலை செய்கிறது, தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் போகிறது, சமூக நீதி என்றால் என்ன... வாசலுக்கு வாசல் நின்று அரை மணி நேரம் பேசினேன். இரண்டு மாலைகள் அலைந்து மூன்று கையெழுத்து கிடைத்தது. அதில் ஒன்று என்னுடையது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே இன்னொரு கையெழுத்து இருக்கிறதே என்று பேப்பரை நீட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கட்டுரைய நானும் படிச்சேன். நாலரைக்கு எந்திரிச்சு எந்திரிச்சுக் கண்ணெல்லாம் எரியுதுன்னு எழுதிருந்தீக. யாரு கண்ணு?”

முப்பது வருடத்தில் நான் நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தது எத்தனை நாள்? அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களைச் சேர்த்தாலும் ஒரு கை விரல் போதும். நான் மனுவில் எழுதிய தூக்கம் அவருடையது. ஆனால் கண் எரிகிறது என்று பத்திரிகையில் புலம்பியது நான். யோசித்துப் பார்த்தால், தெருவில் நான் கையெழுத்துக் கேட்ட ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கதையும் இதுதான்.

“இத இங்கன வச்சுட்டுப் போங்க. மிச்சத்த நான் வாங்கிட்டு வாரேன். ஆனா ஒண்ணு. தண்ணி நாலரைக்கு வந்தா இனிமே நீங்கதான் எந்திரிக்கணும்.”

சம்மதித்தேன். வேறு வழி?

மறுநாள் மதியம் பேப்பர் என் மேஜைக்கு வந்துவிட்டது. முப்பத்திநாலு கையெழுத்தும் இருந்தன. என்ன மந்திரம் போட்டார்? ஒன்றுமில்லையாம். ஒவ்வொரு வீட்டிலும் பெண்களிடம் உட்கார்ந்து, தண்ணீருக்காக முருகாயிக்கு ஜீப் சீட் போகப் போகிறது என்று சொன்னாராம். அவ்வளவுதான், வால்வுப் பேச்சே வரவில்லை. எனக்கு வைத்த நிபந்தனையை அவர்களும் தங்கள் வீட்டில் வைக்கலாம் என்று மட்டும் கூடுதலாக ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். தாசில்தாரின் கையெழுத்து லேசாக நடுங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. இந்தத் தடவை ஈ.ஓ.விடம் நானே கேட்டு ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன்: ‘தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களின் வசதிக்காக’. என்னைப் போல இன்னொரு மேதாவி நாளைக்கு மனுவோடு வந்தால், ஃபைலே அவரைத் திருப்பி அனுப்பிவிடும். மொத்தத்தில் என் மனுக்களில் உருப்படியானது அந்த ஒரு வரிதான், அதை எழுதியதில் எனக்குப் பெருமைதான்.

இந்தத் திங்கட்கிழமை, நாலரை மணி. எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மலைக்காற்று சுள்ளென்று அடிக்கிறது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக்கொண்டு, வாசலுக்கு வாசல் ஆண்கள். குழிக்குள் இறங்கிய தாசில்தார் ஏறத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் தண்ணீர் ஓடைத் தெருவுக்கும் போய்விட்டது என்று சின்னச்சாமி சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தேகாலுக்கு ஜீப் எங்கள் தெரு வழியாக வந்தது. நடு வரிசையில், ஓரத்து சீட்டில், மடியில் தூக்குவாளியோடு முருகாயி. எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நிமிர்ந்து நின்றேன். இந்தப் பத்திக்கு நல்ல முடிவாக இருக்குமே!

ஜீப் மெதுவானது. முருகாயி தலையை வெளியே நீட்டினார்.

“சார், குடம் வழியுது.”