கூழ் வானில் கட்டிய பனர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ச்சங்கம் ஒவ்வொரு கோடையும் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் விளையாட்டுப் போட்டி வைக்கும். வாகனங்களின் பின்பக்கம் மைதானத்தைப் பார்க்க நிறுத்தி, கதவைத் தூக்கிவிட்டு, அவரவர் கொண்டுவந்த சாப்பாட்டைப் பரிமாறுவோம். மற்றவர்கள் சிரித்துக் கதைப்பார்கள். எனக்குக் கூட்டத்தில் நாக்கு எழும்பாது. நான் பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ் ஊற்றிக் கொடுப்பேன். "உங்கட கூழோ?" என்று யாராவது கேட்டால் அது எனக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

இந்த முறை என் வான் வண்டியைத் தயார்செய்ய இரண்டு கிழமை எடுத்தேன். பின் இருக்கைகளைக் கழற்றினேன். பழைய கார் ரயர் ஒன்றைத் தரையில் கிடத்திப் பட்டியால் இறுக்கினேன். அதற்குள் கூழ்ப்பானையை இறக்கிச் சுற்றிலும் கம்பளி திணித்தால், எங்கள் வீடு இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து எத்தனை சந்தி திரும்பினாலும் சிந்தாது, ஆறாது. ஒரு பக்கம் கை கழுவக் குழாய் வைத்த தண்ணீர்க் கலன். மறுபக்கம் ஐஸ் பெட்டி. நண்டுக் கோதுக்கு மூடி போட்ட வாளி. போன வருடம் குளவி மொய்த்துச் சனம் ஓடியது.

காலை ஏழு மணிக்கே போய் மரநிழலில் நிறுத்தினேன். பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் வந்தார்.

"அண்ணை, வானைக் கொஞ்சம் அங்கால எடுங்கோ. ஸ்பொன்சரின்ர கார் இதில நிக்கோணும்."

"ஓம் தம்பி" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். வெயிலுக்குள் எடுத்தேன்.

போட்டிக்குக் காசு கொடுத்த ஸ்பொன்சர், வீடு விற்கும் முகவர் ஒருவர். நிழலில் அவருடைய காருக்குப் பக்கத்தில் ஒரு சனமும் இல்லை. வெயிலில் என் வானுக்குப் பின்னால் நீண்ட வரிசை. அதைப் பார்த்துவிட்டு அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஒரு விளம்பரப் பனரோடு வந்தார்கள். ஸ்ரௌவ்வில்லில் புதுவீடுகள் என்று எழுதி, நடுவில் அவருடைய பெரிய முகம்.

"அங்கிள், இந்தக் கயித்தை ஒருக்காப் பிடியுங்கோ."

பிடித்தேன். என் கதவில் அவருடைய முகத்தைக் கட்ட என் கையே உதவியது. அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

பிறகு மைக்கில் சொன்னார்கள், இன்றைய கூழ் அவருடைய அன்பளிப்பாம். விடிய மூன்று மணிக்கு எழும்பி நண்டு உடைத்தவள் என் மனைவி. பக்கத்தில் நின்ற அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அகப்பையைப் பார்த்தேன்.

இரண்டாம் தரம் கூழுக்கு வந்த ஒரு அக்கா கேட்டார்: "உந்த வீடு விக்கிறவர் நல்லாய்த்தான் காய்ச்சுவிச்சிருக்கிறார். உங்களை வேலைக்குப் பிடிச்சவரோ?"

அகப்பையைப் பானைக்குள் போட்டேன். பின்கதவை இழுத்து அடித்து மூடினேன். பனரில் இருந்த முகம் பாதி உள்ளே, பாதி வெளியே.

செயலாளர் ஓடிவந்தார். "அண்ணை, என்ன செய்யிறியள்? சனம் நிக்குது!"

"பனரைக் கழட்டுங்கோ. கழட்டினாத்தான் திறப்பன்."

"ஸ்பொன்சர் கோவிப்பார்."

"கோவிக்கட்டும். வான் என்ர. கூழ் எங்கட." குரல் வந்தது.

வரிசையில் ஒருவர் வெறும் கோப்பையை ஆட்டிக்கொண்டு கத்தினார்: "டேய் செயலாளர், உந்த மூஞ்சையைக் கரைச்சே குடிக்கிறது? கழட்டடா!"

செயலாளர் பனரில் கை வைத்தார். அது வெளியே வருமளவுக்குக் கதவைச் சற்றுத் தூக்கிவிட்டேன். செயலாளர் தனியே நின்று முடிச்சுகளோடு மல்லுக்கட்டினார். இந்த முறை நான் கயிற்றைப் பிடிக்கவில்லை.

ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மைக்கில் திருத்திச் சொல்லவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கதவை முழுதாகத் திறந்தபோது ரயருக்குள் கூழ் சுடச்சுட இருந்தது. அந்த அக்கா கோப்பையை நீட்டினார்.

"அப்ப இது உங்கட கூழோ?"

"ஓம். எங்கட."

2024 செப்டெம்பர் 14, சனிக்கிழமை.