ஆல்ரெடி என்றொரு சொல்

இந்த வெள்ளைக்கார நாட்டில் வோட்டுப் போடுகிற நாளில் வோட்டுச்சாவடி வாசலில் நாயைக் கட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். முதன்முதல் கண்டபோது வாசல் மாறி வந்துவிட்டேனோ என்று நின்றேன். பொலிஸ் இல்லை, துவக்கு இல்லை, நாய்மட்டும் படுத்திருந்து வாலை ஆட்டுகிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொன்னால் புளுகுகிறாள் என்பீர்கள்.

செவன் கிங்ஸ் என்கிற இந்த இடத்தில் என்னோடு இருக்கிற அண்ணைக்கு வயது எண்பதை எட்டப்போகிறது. இரண்டு முழங்காலும் வீங்கின மனிசன். முன்பு எங்கள் தெருமுனைத் தேவாலய மண்டபத்தில்தான் வோட்டு. இந்தமுறை அதைத் தூக்கி, பஸ் மாறிப் போய் அதற்குப் பிறகும் நடக்கவேண்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், அங்கே வசதியாம். ஆருக்கு வசதி? காரும் காலும் உள்ளவர்களுக்கு. அதனால் நானே அவருக்குத் தபால் வோட்டுக்கு விண்ணப்பித்தேன். வீட்டிலிருந்தே புள்ளடி போட்டுத் தபாலில் சேர்க்கலாம். பிந்தினால், தேர்தலன்று வோட்டுச்சாவடியிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம், நமக்காக வேறு ஆளும் கொடுக்கலாம். உறை வந்தது. அண்ணை அதைத் திறக்கவேயில்லை.

“தபால் வோட்டோ? நான் என்ன கவுண்மேந்து உத்தியோகத்தனே?”

“இஞ்சை கேட்ட எல்லாருக்கும் குடுப்பினம் அண்ணை.”

“என்ர வோட்டை இன்னொருத்தர்ர கையிலை குடுக்கேலாது. நான் நேர போறன்.”

அது வீம்பு இல்லை. ஊரில் அவர் சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில், ஒரு தேர்தலுக்கு அம்மா மறித்தும் கேளாமல், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த அலுவலர் இடாப்பில் பேரைப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே, “உங்கட வோட்டு ஏற்கெனவே போட்டாச்சு” என்றாராம். அண்ணை மை படாத சின்னவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். வாசலில் துவக்கோடு நின்றவன் அவருடைய தோளில் கையை வைத்து, “வீட்டை போங்கோ” என்றிருக்கிறான். வந்தவர் ஒரு கிழமை கடை திறக்கவில்லை. களவு போனது சைக்கிள் என்றால் எப்படியும் தேடிப் பிடித்திருப்பார்.

சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனை நாடித்தான் போனது. தேர்தலன்று நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது அண்ணை சப்பாத்தும் கழற்றாமல் கதிரையில் இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளை சேர்ட். வோட்டுப் போட அடையாளத்துக்குக் காட்டுகிற, படமுள்ள பஸ் பாஸ் இன்னும் கையில் இருந்தது.

“இஞ்சையும் என்ர வோட்டைப் போட்டிட்டாங்கள், தங்கச்சி.”

“ஆர் சொன்னது?”

“மேசையிலை இருந்த பெட்டை. பேரைப் பாத்திட்டு, ஆல்ரெடி எண்டாள். பிறகு ஏன் நிப்பான், வந்திட்டன்.”

தபால் வோட்டு ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பியாயிற்று, அதனால் இங்கே வேறு சீட்டுத் தர ஏலாது என்றுதான் அந்தப் பிள்ளை சொல்லியிருப்பாள். முதற்சொல்லோடு இவருடைய காது அடைத்துவிட்டது. டிவிக்கு மேல் கிடந்த உறையை எடுத்து அவருடைய மடியில் வைத்தேன்.

“இதுதான் அண்ணை அவள் சொன்ன ஆல்ரெடி. உங்கட வோட்டு இன்னும் உங்களிட்டைத்தான் கிடக்கு. ராத்திரி பத்து மணி வரைக்கும் சாவடி திறந்திருக்கும்.”

அவர் எழும்பப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. மறுபடியும் பார்த்தார். பிறகு உறையைக் கிழித்து, என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். பேனை கீறுகிற சத்தமும், அவர் மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டன.

“நீயே குடுப்பாய்தானே? வேறை ஒருத்தரிட்டையும் குடுத்து விடாதை.”

“நானே குடுக்கிறன்.”

சாவடியில் அந்தப் பிள்ளை ஒரு படிவம் நிரப்பச் சொன்னாள். அது இல்லாமல் போட்டால் எண்ணமாட்டார்களாம். அண்ணையின் பேரைக் கண்டதும் நிமிர்ந்தாள். அந்தப் பெரியவர் சுகமா, பின்னால் கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்கு நான் எந்த ஊரிலிருந்து தொடங்கிச் சொல்லுறது? “ஹீ இஸ் ஓகே” என்றேன். வாசலில் ஆரோ ஒருவருடைய நாய் என் கையை மணந்து பார்த்தது.

வீட்டில் அண்ணை அதே கதிரையில் இருந்தார்.

“குடுத்திட்டியோ?”

“ஓம் அண்ணை. பெட்டிக்குள்ளை போட்டதைக் கண்ணாலை கண்டனான்.”

அவர் தன் இடதுகைச் சின்னவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இஞ்சை மை பூசமாட்டினம் அண்ணை.”

“தெரியும்.”

அங்கே போடாத வோட்டுக்கும் இங்கே போட்ட வோட்டுக்கும் அதே வெறும் விரல்தான். அதைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“அண்டைக்கு என்ர வோட்டைப் போட்டவன்ர விரலிலை மை இருந்திருக்கும், என்ன?”