சத்தம் குறைந்த பிஸ்ரல்

இத்தாலியில், பலேர்மோவில் இருந்த எங்கள் சனத்துக்குள், துவக்கு, துப்பாக்கி என்று சொன்னாலே முகம் வெளிறுகிற ஓர் ஆம்பிளை இருந்தான் என்றால் அது விமலராஜ்தான். ஊரில், பேசாலை மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசித்தவன். அந்தக் கையால் ஒரு கோழிகூட அறுத்திருக்க மாட்டான். அப்படிப்பட்டவனை தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு துவக்குக் கடைக்காரரும் ஒரு மருந்துக்கடை முதலாளியும் சேர்ந்து ஆயுத நிபுணனாக்கிவிட்டார்கள். அந்த முதலாளி வீட்டுக் குசினியில்தான் நான் சமைத்தேன். யோகாம்பாள் சொன்னாள் என்று சொல்லுங்கள். வேறு யாராவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலாளியைத் தொத்தோரே, அதாவது டாக்டர், என்றுதான் கூப்பிட வேண்டும். படித்த மனிதர், ஆனால் மகா கஞ்சன். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குப் பரிசாக இருமல் மருந்து தந்தார். இருமல் இல்லையே என்றேன். வரும் என்றார்.

விமலராஜ் அவருடைய கடையைக் கூட்டித் துடைப்பான், வீட்டுக்குச் சாமான் சுமப்பான், நாயை உலாத்தக் கொண்டுபோவான். அவனுடைய மனைவி றோசமலர் மடு அகதி முகாமில் இருந்தாள். இருவரும் பிரிந்து ஐந்து வருடமாகிவிட்டது. அவளை இங்கே கூப்பிட அவன் கொடுத்த விண்ணப்பம் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், கிடந்தது. இவனுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று தொத்தோரே கையெழுத்து வைத்ததால்தான் அதை வாங்கியே வைத்தார்கள். முதலாளி முகம் சுளித்தால் விண்ணப்பம் போச்சு. பொலிஸ் முகம் சுளித்தாலும் போச்சு. பாவி, இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிக்கொண்டே திரிந்தான்.

இங்கே வீட்டு வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலாளி என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்வதில்லை. கத்தரிக்காய் கப்பொனாத்தா செய்யத் தெரியுமா என்று முதலாளியின் மனைவி, எங்கள் சிஞ்ஞோரா, கேட்டபோது நானும் "ஸி, ஸி" என்று தலையாட்டினேன். பிறகு பல்லரோ சந்தைக்கு ஓடி, மரக்கறி விற்கிற பெண்ணிடம் கேட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். முதலில் தெரியும் என்று சொல்ல வேண்டும், பிறகு தெரிந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் பிழைத்தோம்.

தொத்தோரேயின் மைத்துனர் கண்ணாடிக் கடைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலக்குச் சுடும் போட்டியில் வென்ற கிண்ணத்தைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் நட்டநடுவில் வைத்தார். தொத்தோரேக்கு இறைச்சி இறங்கவில்லை. அடுத்த வாரமே மைத்துனரின் சுடும் கழகத்தில் சேர்ந்தார், அனுமதிப் பத்திரமும் எடுத்தார். இனி வேண்டியது ஒரு பிஸ்ரல். அதுவும் மலிவாக வேண்டும். அவர்கள் இத்தாலியனில் பேசியதை என்னுடைய தமிழில் சொல்கிறேன், கேளுங்கள். விமலராஜ் என்ற பேர் தொத்தோரேயின் வாயில் விமாலே.

"விமாலே, உங்கட நாட்டில சண்டைதானே. உனக்குத் துவக்கு வகையள் தெரியுமோ?"

"ஸி, தொத்தோரே."

என் கையிலிருந்த அகப்பை பானைக்குள் விழுந்துவிட்டது. தொத்தோரே அந்தப் பக்கம் போனதும் அவனைக் குசினிக்குள் இழுத்தேன்.

"தம்பி, உனக்கென்ன விசரோ? துவக்கைப் பற்றி உனக்கு என்னடா தெரியும்?"

"சத்தம் மட்டும்தான் தெரியும் அக்கா. பழக்கத்தில வாயில வந்திட்டுது."

மறுநாள் தொத்தோரே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு துவக்குக் கடைக்குப் போனார். நடந்ததை அவன் திரும்பி வந்து தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னான். கடைக்காரக் கிழவர் மூன்று பிஸ்ரலை எடுத்து மேசையில் அடுக்கினாராம். ஒன்று பெரிய போட்டிக்காரர்கள் வைத்திருப்பது. அதன் விலையைக் கேட்டதும் தொத்தோரே கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்று சினிமாவில் வருவது மாதிரிப் பளபளவென்று மின்னியது. மூன்றாவது கறுப்பு நிறம், பழையது, பார்க்க ஒரு வடிவும் இல்லை. தொத்தோரேயின் கை தானாகவே பளபளப்பானதிடம் போனது.

"நீ சொல்லு விமாலே. எது?"

அவன் வியர்த்து வழிந்துகொண்டு கடைக்காரரிடம் கேட்டான். "இதுக்குள்ள சத்தம் குறைஞ்சது எது?"

கிழவர் எழுந்து நின்றுவிட்டாராம். "இண்டைக்கு வந்த ஆக்களுக்குள்ள மூளையுள்ள கேள்வி கேட்டது இந்த மனிசன்தான்!" என்று அந்தக் கறுப்பை முன்னுக்குத் தள்ளினார். அது இருபத்திரண்டு என்கிற சின்ன ரகம். அதன் ரவை, அதாவது தோட்டா, பின்பக்க விளிம்பில் அடிபட்டு வெடிக்கும். சத்தமும் குறைவு, கையை உதைப்பதும் குறைவு. பழகுகிறவன் பெரிய பிஸ்ரலில் தொடங்கினால் வெடிக்கு முதலே கண்ணை மூடப் பழகிவிடுவான், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றவே முடியாது என்று கிழவர் விளக்கினார். ரவையும் மலிவு, நாள் முழுக்கச் சுடலாம் என்றதும் தொத்தோரேயின் முகம் மலர்ந்தது.

பிறகு அதைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். விமலராஜ் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினான். விசைக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோகவே இல்லை. முனையை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே ரவை இருக்கிறதா, ரவை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். திறந்து காட்டிய பிறகும் கேட்டான்.

"பாத்தீங்களோ தொத்தோரே?" என்றாராம் கிழவர். "விரல் வெளியில. முனை சுவர்ப் பக்கம். வெறுமையா எண்டு பாக்காமல் நம்பிறதில்லை. இது முறையாப் பழகின கை."

பயத்தில் செய்ததெல்லாம் படிப்பாகிவிட்டது! தொத்தோரே அந்தப் பழைய பிஸ்ரலை வாங்கினார், அதோடு மருந்துக்கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் விமலராஜின் புகழையும் பாடத் தொடங்கினார். காய்ச்சல் மருந்துக்கு வந்த கிழவிகூட இவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, இந்தக் கதை குவெஸ்தூராக்குப் போனால் என்ன செய்யிறது?" என்று கேட்டான். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கதை போகத் தேவையிருக்கவில்லை. ஆளே வந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கழகத்து ஆட்களுக்கு விருந்து. சிஞ்ஞோரா என்னிடம் பாஸ்தாத் தட்டைத் தந்து கழகத்தின் சுடும் மைதானத்துக்கு அனுப்பினார். தொத்தோரே வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பிஸ்ரல் அவருக்கு முன்னாலிருந்த மேசையில் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் விமலராஜ். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மைத்துனரோடு கதைத்துக்கொண்டு நின்ற மீசைக்காரர் வேறு யாருமில்லை, குவெஸ்தூராவில் வெளிநாட்டவர் பிரிவில் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற இன்ஸ்பெக்டர். நாங்கள் எல்லோரும் விடியவே எழும்பிப் போய் வரிசையில் நின்று பார்க்கிற முகம் அது.

"இவன்தான் எங்கட விமாலே!" என்று தொத்தோரே அவனுடைய முதுகில் தட்டினார். "இவனுக்குத் தெரியாத ஆயுதம் இல்லை. இந்தப் பிஸ்ரலும் இவன் தெரிவு செய்ததுதான்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அது எனக்குப் பிடிக்காத சிரிப்பு. "அப்பிடியோ? எங்கை பழகினனீ? எந்தப் பக்கம்?"

தெரியும் என்று சொன்னால் ஆயுத இயக்கத்து ஆள் என்று எழுதிவிடுவார்கள், றோசமலரின் விண்ணப்பம் குப்பைக்குள். தெரியாது என்று சொன்னால் முதலாளி மைத்துனருக்கு முன்னால் வெட்கப்படுவார், அவருடைய கையெழுத்தும் போய்விடும். விமலராஜ் வாயைத் திறந்தான்.

அந்த நேரம் கடைசித் தடத்தில் நின்ற தடித்த மனிதர் தன்னுடைய பெரிய பிஸ்ரலால் ஒன்று வைத்தார் பாருங்கள், டமார்!

நான் கண்ணைத் திறந்தபோது நிலத்தில் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. பாஸ்தாத் தட்டு மட்டும் கொட்டாமல் கைகளில் நிமிர்ந்திருந்தது. அந்தப் பக்கம் விமலராஜ் குப்புறக் கிடந்தான். அவனுக்குக் கீழே வெள்ளைக் காற்சட்டையோடு தொத்தோரே. கழுத்துப்பட்டியில் பிடித்து இழுத்து விழுத்தி, மேலே படுத்து மூடிக்கொண்டான் மனிதன். அங்கே நின்ற இத்தாலியர் எல்லோரும் நின்றபடியே எங்களைக் குனிந்து பார்த்தார்கள்.

தொத்தோரேயைத் தூக்கி நிறுத்தினார்கள். நானும் எழுந்தேன். விமலராஜ் எழவில்லை. அவனுடைய முதுகு குலுங்கியது.

"எழும்பு தம்பி, எல்லாரும் பாக்கினம்."

"இனி என்னத்துக்கக்கா எழும்ப? முதலாளியை விழுத்திப்போட்டன். பொலிசும் பாத்திட்டுது. றோசமலர் இனி வரமாட்டாள்."

"என்ன சொல்லுறான்?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். தட்டை மேசையில் அடித்து வைத்தேன். என் உடைந்த இத்தாலியனில் எல்லாவற்றையும் கொட்டினேன். "இவன் கோவிலில ஆர்மோனியம் வாசிச்சவன். துவக்கைத் தொட்டதே அந்தக் கடையிலதான். சத்தம் குறைஞ்சது எது எண்டு கேட்டு எடுத்தவன், வேற ஒரு மண்ணும் தெரியாது. இவனுக்கு மனிசிதான் வேணும், உங்கட பிஸ்ரல் வேண்டாம். அந்த விண்ணப்பம் உங்கட மேசையிலதான் கிடக்கு, ஐயா!"

போச்சு, என் வேலையும் போச்சு என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அவனுக்குப் பக்கத்தில் குந்தினார். முதுகில் கை வைத்தார்.

"சுடுறவன் இவ்வளவு கெதியா விழமாட்டான்" என்றார். "எழும்பு. திங்கட்கிழமை என்னட்டை வா."

தொத்தோரே காற்சட்டையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு விமலராஜையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவன் என்னை மூடிக்கொண்டல்லோ கிடந்தவன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு மைத்துனர் பக்கம் திரும்பினார். "உனக்கு இப்பிடி ஒருத்தன் இருக்கிறானோ?" மைத்துனரிடம் கிண்ணம் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு மருந்துக்கடையில் விமலராஜின் புகழ் இன்னும் கூடியது, ஆனால் இப்போது உயிர் காத்தவன் என்று. அந்தப் பிஸ்ரலில் தொத்தோரே மாதக் கணக்காகப் பழகினார். பலகையின் நடுவில் படாவிட்டாலும் கண்ணை மட்டும் மூடியதில்லை.

றோசமலர் அடுத்த கோடைக்கு முதல் வந்து சேர்ந்தாள். மெலிந்த பிள்ளை, சத்தமில்லாத பேச்சு. வந்த கிழமையே எனக்கு உதவிக்குக் குசினிக்கு வந்தாள். நான் அந்தச் சனிக்கிழமைக் கதையை ஆடிப் பாடி நடித்துக் காட்டினேன். தொத்தோரே விழுந்ததைக் காட்ட நானே நிலத்தில் விழுந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தானாவோ விழுந்தவர், அக்கா?"

"தானாத்தான். அந்த மனிசனையும் இழுத்துக்கொண்டு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அங்கை ஹெலிக்கொப்டர் சுட வந்தால் இவர் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிப்பார். நான்தான் சாரத்தில பிடிச்சு இழுத்து விழுத்தி, மேல படுக்கிறனான். ஒவ்வொரு முறையும். தனியப் போறாரே, இனி ஆர் இழுப்பினம் எண்டுதான் இவ்வளவு வருசமும் அழுதனான்."

அந்த நேரம் விமலராஜ் நாயைக் கட்டிவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றான். அவள் போய் அவனுடைய சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதலாளி வீடு என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன்.