அறுபது சதவீதம்

தெருவுக்கே அவர் மோட்டார்காரர். தண்ணீர் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் குழாயில் காதை வைத்துக் கேட்பார். புட்வால்வு போயிற்று, ஏறின தண்ணீர் திரும்பக் கீழேயே இறங்குகிறது என்பார். தப்பியதே இல்லை. மோட்டார் நன்றாகத்தானே ஓடுகிறது என்று இழுப்பவர்களுக்கு ஒரே பதில்தான்: “ஓடுறதைப் பாக்காதீங்க. மேல தொட்டி நிறையுதான்னு பாருங்க.”

அவர் வீடு மூன்றாவது மாடி. மனைவி இரண்டாவது திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். மகாராணிக்குப் பல்லக்கு சொல்லட்டுமா என்பார். ஒருநாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் இதய ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்.

ரிப்போர்ட்டைக் கொடுத்த பெண், டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். வரிசை வாசல்வரை நின்றது. அவருக்கோ ஒரு மாடிக் கட்டடத்தில் வேலை பாதியில் கிடந்தது. தாளில் கண்ணில் பட்ட எண்ணைக் காட்டி, இது என்ன என்று அந்தப் பெண்ணையே கேட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்ற கணக்கு, அறுபது சதவீதம் நார்மல்தான், ஆனாலும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். ‘ஆனாலும்’ அவர் காதில் ஏறவில்லை.

“புது பம்ப்பே அறுபது குடுக்காது. உனக்கு என்ன கொறைச்சல்?” என்றபடி தாளை மடித்தார். ரிப்போர்ட் அலமாரியில், வாரண்டி அட்டைகளோடு அட்டையாகக் கிடந்தது.

எட்டு மாதம். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, அவள் உட்கார்ந்தே தூங்கப் பழகியிருந்தாள். மறுபடி ஸ்கேன். இந்தத் தடவை நாற்பது. டாக்டரம்மா பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“வால்வு சரியா மூடலை. தள்ளுற ரத்தத்துல பாதி பின்பக்கமே திரும்பிடுது. அந்த அறுபதுல அதுவும் சேர்த்திதான்.” பழைய தாளில் எண்ணுக்கு இரண்டு வரி கீழே பேனாவை வைத்தார். கடுமையான கசிவு என்று அன்றைக்கே எழுதியிருந்தது.

மோட்டார்காரருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் அவரைவிட நன்றாக அது வேறு யாருக்குப் புரியும்?

“அப்பவே வந்திருந்தா?” கேட்டது அவள்தான்.

“அப்ப தசை தெம்பா இருந்துச்சு,” என்றார் டாக்டரம்மா. வால்வை இப்போதும் சரிசெய்யலாம், ஆனால் ஆபத்து கூடிவிட்டது, களைத்த தசை எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது என்று மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

வீடு திரும்பினார்கள். இரண்டாவது திருப்பத்தில் அவள் நின்றாள். மருந்துப் பையோடு அவரும் ஒரு படி கீழே நின்றார். பல்லக்குப் பேச்சு வரவில்லை.

“ஊர்ல எல்லார் வீட்டுத் தொட்டியையும்…” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஏறிப்போய்ப் பாத்துட்டுத்தானே வருவீங்க?”

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். அவள் அடுத்த படியில் கால் வைக்கும்வரை அவரும் வைக்கவில்லை.